கப்பல் வராத ஒன்பது நாள்

1

அன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள்:

மாப்பிள்ளைப் பையன் அமலன். தூத்துக்குடியில் கிரேன் ஓட்டுகிறான்.

அவன் அம்மா ஞானம்மாள்.

அவன் தாய்மாமன் சூசை.

என் தம்பி லாசர். இவர்களை ஊரிலிருந்து விமானத்தில் கூட்டி வந்தவன்.

பக்கத்து வீட்டு பௌதி. வங்காளி. பௌதி என்றால் அவர்கள் பாஷையில் அண்ணி. நாங்கள் இருக்கும் சௌல்தாரியில் எல்லாருக்கும் அவள் பௌதிதான்.

என் மகள் ரோஸ்லின். அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர்.

நான். உட்காரவில்லை. பரிமாறினேன்.

எட்டுப் பேர். சோறு, சூரை மீன் குழம்பு, கறிப்பலா வறுவல், வாழைப்பூ, ஊறுகாய். ஞானம்மாள் மைனி ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன காய்? மாங்கா மாதிரி இல்லியே."

"பிலிம்பிக்காய். மரத்துல காய்க்கும். இங்க எல்லா வீட்டுலயும் உண்டு" என்றேன். அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

"யாரு போட்டது?"

"எக்காதான்" என்றான் லாசர், நான் வாய் திறக்கும் முன்.

எனக்கு ஊறுகாய் போடத் தெரியாது. போட்டவர் எதிரே உட்கார்ந்திருந்தார். குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

2

திருவிழா மலருக்கு எழுதித் தரும்படி ஊரிலிருந்து கேட்டார்கள். அந்தமான் வாழ்க்கையைப் பற்றி என்றார்கள். நான் ஏழாவது வரை படித்தவள். கடல், பவளம், பழைய சிறை இதெல்லாம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எழுதிவிட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் நான் அந்தச் சிறைக்குள் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். அதுவும் தம்பியைக் கூட்டிக்கொண்டு.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. நான் ஊருக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். எட்டு வருடமாகச் சொன்னேன். அதைச் சொன்ன இடத்திலேயே திருத்த வேண்டும்.

என் வீட்டுக்காரர் தீவுக்குத் தீவு சரக்கு ஏற்றும் கப்பலில் பண்டாரியாக இருந்தார். பண்டாரி என்றால் கப்பல் சமையல்காரர். ஆடுகிற அடுப்படியில் பத்தொன்பது ஆளுக்கு மூன்று வேளை. நான் சாலை போடும் அரசு வேலையில் மஸ்தூராக, அதாவது கூலியாளாகச் சேர்ந்தேன். கல் சுமந்தேன், தார் ஊற்றினேன், பிறகு வேலை நிரந்தரமாயிற்று. எட்டு வருடம் முன்பு இவர் கப்பல் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு. இனிமேல் கப்பல் ஏறக்கூடாது என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில்தான்.

ஊரிலிருந்து போனில் கேட்பார்கள். "அவரு கப்பலுக்குப் போயிருக்காரா?" நான் "ஆமா" என்பேன். ஊருக்கு வந்தபோதெல்லாம் தனியாக வந்தேன். "லீவு கிடைக்கல" என்றேன். உண்மையில் அவர் இங்கே கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டும் எனக்கு இரவுச் சாப்பாடு ஆக்கிக்கொண்டும் இருந்தார். நான் தார் வாசனையோடு வருவேன். வெந்நீர் தயாராக இருக்கும்.

ரேஷன் கார்டு புதுப்பிக்கப் போனபோது ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் நின்றேன். முதல் நாள் போட்டோ சரியில்லை. இரண்டாம் நாள் ஆள் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பையன் கணினி முன்னால் உட்கார்ந்து ஹிந்தியில் கேட்டான். "பதி க்யா கர்தா ஹை?" புருஷன் என்ன செய்கிறார்? நான் "கர் மே ஹை" என்றேன். வீட்டில் இருக்கிறார். அவன் "குச் நஹீன் கர்தா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு தட்டினான். ஒன்றும் செய்வதில்லை. அப்படியே அச்சாகி வந்தது. திருத்த வேண்டுமென்றால் இன்னொரு மனு, இன்னும் மூன்று நாள்.

இவர் கார்டை வாங்கிப் பார்த்தார். படித்தார். அலமாரியில் வைத்தார். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. நன்றாக இருந்தது.

3

ஒன்றும் செய்யாத ஆள் என்ன செய்கிறார் என்று சொல்கிறேன்.

எங்களுக்குச் சரிவான கொஞ்சம் நிலம். தென்னை, பாக்கு, கறிப்பலா, பிலிம்பி இரண்டு மரம், பலா ஒன்று, வாழை, மரவள்ளி, சேம்பு, மிளகுக்கொடி. இவரால் குனிய முடியாது. முக்காலி ஒன்று செய்துகொண்டார். அதில் உட்கார்ந்து நகர்த்தி நகர்த்திக் களை எடுப்பார். காலையில் மேட்டில் இருக்கும் முக்காலி சாயங்காலம் பள்ளத்தில் இருக்கும். அவர் நடந்ததை விட அந்த முக்காலி அதிகம் நடந்திருக்கும்.

இங்கே வருடத்தில் எட்டு மாதம் மழை. வெயிலை நம்பி எதையும் காய வைக்க முடியாது. அதனால் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, பழைய கப்பல் அடுப்பின் இரும்புத் தட்டுகளை அடுக்கியிருக்கிறார். பிலிம்பியை உப்பில் போட்டு, பிழிந்து, அந்தத் தட்டில் புகையில் காய வைப்பார். கறுத்துச் சுருங்கிவிடும். புளி இல்லாத நாளில் அதுதான் புளி. மரவள்ளியை அரை வேக்காட்டில் வெட்டி உலர்த்துவார். பலாக்கொட்டையைச் செம்மண் சேற்றில் புரட்டிப் பானையில் போடுவார். பச்சை மிளகு உப்புநீரில். எலுமிச்சை உப்பில். சூரை மீன் கருவாடு.

இதையெல்லாம் மாதக் கணக்கில் வைப்பதில்லை. கப்பல் கணக்கில் வைப்பார். வெங்காயம், பருப்பு, சீரகம், தீப்பெட்டி எல்லாமே இங்கே கப்பலில் வருகிறவை. கப்பல் வராவிட்டால் கடையில் பலகைதான் இருக்கும். பரணுக்குக் கீழே ஒரு கறுப்புப் பலகை உண்டு. சாக்கட்டியில் எழுதுவார். கருவாடு மூன்று. பலாக்கொட்டை இரண்டு. அப்படியென்றால் தொடர்ந்து மூன்று கப்பல் தவறினாலும் கருவாடு தாங்கும், பலாக்கொட்டை இரண்டு வரைக்கும்தான். கப்பலில் இருந்த காலத்தில் தண்ணீரையும் அரிசியையும் அப்படித்தான் எழுதி வைப்பாராம்.

நம் ஊரில் தெருமுனையில் கடை. ராத்திரி எட்டு மணிக்குக் கூட அரைக் கிலோ தக்காளி கிடைக்கும். ஊரில் இருந்தவரை ஒரு பொருளையும் நாங்கள் வைத்துக் காப்பாற்றியதில்லை. அந்தப் பழக்கம் எனக்கு இந்தத் தீவில் வந்தது. அதுவும் இவரால்.

சோப்பும் இவர்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்புக் கரிக்கும். கடை சோப்பு அதில் நுரைக்காது, தயிர் திரிந்த மாதிரி ஒட்டும். தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், கடல் தண்ணீரிலும். கப்பல்காரர்களுக்கு இது தெரியும். எங்கள் தேங்காய், எங்கள் கொப்பரை, ஆட்டிய எண்ணெய், மழைத் தண்ணீர், காஸ்டிக் சோடா என்கிற காரம். தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டி அதில் ஊற்றுவார். இறுகியதும் தள்ளி எடுத்து, மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பால் வட்டம் வட்டமாக அறுப்பார். மூங்கில் தட்டியில் நாற்பது நாள் காயும். கிராம்பு இலை வாசம் வரும்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். போன தடவை பெட்டியில் ஆறு சோப்பு வைத்தார். இந்தத் தடவை அவன் வந்தபோது துணி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அதே செய்தித்தாளில் ஆறும் இருந்தன. அவன் குளிப்பது பாட்டிலில் இருக்கிற ஏதோ ஒன்றில். இவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் திரும்பிப் போனபோது அவர் சோப்பு வைக்கவில்லை.

4

ரோஸ்லின் சம்பந்தம் லாசர் கொண்டு வந்தது. ரோஸ்லின் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். தமிழ் பேசுவாள், எண்ணும்போது ஹிந்தியில் எண்ணுவாள். அவளும் அமலனும் நான்கு மாதம் போனில் பேசினார்கள். பிறகு என்னிடம் வந்து, "மம்மி, இவன் பக்கா. எனக்கு ஓகே" என்றாள். அவள் அப்படி எதையும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

வருவதற்கு முந்தின வாரம் லாசர் போன் செய்தான்.

"எக்கா, அத்தான் அன்னைக்கு அடுப்படிப் பக்கம் போகக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னா கேக்க? பையனோட மாமன் சூசை ஒரு மாதிரி. ஆம்பள அகப்பை புடிச்சிருக்கதப் பாத்தாம்னா ஊரு பூரா சொல்லிச் சிரிப்பான். நான் அத்தான் கப்பல்ல இருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். லீவுல வந்திருக்காருன்னு இருக்கட்டும்."

"அப்போ யாருல சமைக்கது?"

"ஏன், நீ பொம்பள இல்லியா?"

நான் சமைத்தால் சம்பந்தம் அன்றைக்கே முறியும். அதை அவனிடம் சொல்லவில்லை. இவரிடம் சொன்னேன். இவர் யோசித்தார்.

"மூணு நாளுதான? விடியுமுன்ன ஆக்கி எறக்கிருதேன். நீ சூடு பண்ணி வை."

அந்த யோசனைக்கு நான் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விருந்தாளிகளுக்குப் பௌதி வீட்டில் இரண்டு அறை ஒதுக்கினோம். இங்கே ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். அதற்குள் இவர் எல்லாவற்றையும் முடித்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். விருந்தாளிகள் எட்டு மணிக்கு வருவார்கள். கால்மேல் கால் போடச் சொல்லியிருந்தான் லாசர். இடுப்பு வலியோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் காற்று மாறியது. கடலில் புயல். சென்னைக் கப்பல் கிளம்பவில்லை. மூன்றாம் நாள் விமானம் இறங்கவில்லை. வந்தவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"எப்போ போவும்?" என்றார் சூசை.

"வானம் விட்டா" என்றார் இவர்.

5

மூன்றாம் நாள் கடையில் வெங்காயம் தீர்ந்தது. நான்காம் நாள் உருளைக்கிழங்கு. ஐந்தாம் நாள் முட்டை. கரண்டு விட்டுவிட்டு வந்தது. சூசை குடையோடு பஜாருக்குப் போய் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு வந்தார்.

"ஒரு தக்காளி இல்லவே. இந்த ஊர்ல எப்படிய்யா இருக்கிய?"

அன்றைக்கு மதியம் கருகலாகக் காய்ந்த பிலிம்பி போட்டுக் கருவாட்டுக் குழம்பு. பலாக்கொட்டைப் பொரியல். சேம்பந்தண்டு. எலுமிச்சை ஊறுகாய். சூசை மூன்று தடவை சோறு வாங்கினார். மறுநாள் காய்ந்த மரவள்ளியை ஊற வைத்துத் தேங்காயும் பச்சை மிளகும் அரைத்துப் போட்டு ஒரு கூட்டு. வெங்காயம் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. இவர் விடிகாலையில் பலகையை அழித்து அழித்து எழுதினார். மூன்று இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. முகத்தில் ஒன்றும் தெரியாது. கப்பலில் புயலில் மாட்டிய நாளிலும் இப்படித்தான் ஆக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன்.

என் பாடுதான் கஷ்டம். ஞானம்மாள் மைனிக்குச் சும்மா உட்கார முடியாது. பின்னாலேயே வருவார்.

"மைனி, இந்த ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு?"

"ஒரு கை."

மறுநாள்.

"மைனி, எலுமிச்சைக்கு உப்பு எவ்வளவு போடுதிய?"

"ரெண்டு கை."

"எத்தன காய்க்கு?"

"இருக்கிற காய்க்கு."

அவர் என் கையைப் பார்த்தார். தார்க் கொப்புளத் தழும்பு இருக்கிற கை.

பௌதி வேறு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ஊறுகாயைக் காட்டி ஹிந்தியில் சொன்னாள். "ரோஸ்லின் கா பாபா பஹுத் படியா பனாதா ஹை." ரோஸ்லின் அப்பா பிரமாதமாகச் செய்வார்.

"என்ன சொல்லுதா?" என்றார் மைனி.

"ரோஸ்லின் அப்பாவுக்கு இந்த ஊறுகாய்னா உயிராம்" என்றான் லாசர்.

ரோஸ்லின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அமலன் சிரிப்பை அடக்க இருமினான். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

எனக்கும் பாஷை கலந்துதான் கிடக்கிறது. போன தடவை ஊருக்கு வந்தபோது கடையில் "நமக் ஒரு பாக்கெட்" என்றேன். கடைக்காரப் பிள்ளை விழித்தான். உப்பளத்து ஊரில் நின்றுகொண்டு உப்பைத் தமிழில் கேட்க எனக்கு வரவில்லை.

6

ஆறாம் நாள் மைனி தலைக்குக் குளித்தார். ஈரத் தலையோடு சோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இந்த உப்புத் தண்ணியில இப்படி நொரைக்கே! ஏ மைனி, இதும் நீங்க செஞ்சதா?"

"எக்காதான்" என்றான் லாசர்.

"எனக்கு ஒருக்கா செஞ்சு காமிங்க. உப்பளத்துல வேலை செய்யுத பொம்பளைகளுக்கு இது இருந்தா எவ்வளவு ஒதவி. கடை சோப்பு கையில நிக்காது."

"அதுக்கென்ன. எக்கா நாளைக்கே செய்வா" என்றான்.

அவனை அப்போது அடித்திருக்கலாம்.

ஏழாம் நாள் விடியலில் இவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். மூன்று விஷயம். "எவர்சில்வர் பாத்திரம். மொதல்ல தண்ணி, பெறவு காரம், கொஞ்சங் கொஞ்சமா. காரத்து மேல தண்ணி ஊத்தாத." திருப்பிச் சொல்லச் சொன்னார். மந்திரம் சொல்வது போலச் சொன்னேன். எண்ணெயைச் சூடாக்கி, காஸ்டிக்கை எடை போட்டு, மழைத் தண்ணீரை மொண்டு வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலிக்குப் போனார்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. பின்பக்கத்தில் எல்லாரும் நின்றார்கள். மைனி, சூசை, லாசர், ரோஸ்லின், அமலன், பௌதி. ஆறு பேர் பார்க்க நான் ஒரு வேலையும் செய்ததில்லை. சாலையில் என்னை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் வண்டியில் போய்விடுவார்கள்.

பெரிய பாத்திரமாக இருக்கட்டும் என்று அலுமினியக் குண்டானை எடுத்தேன். பளபள என்று இருந்தது. காஸ்டிக்கை அதில் கொட்டினேன். தண்ணீர்ச் செம்பைத் தூக்கினேன். கொஞ்சம் ஊற்றினேன்.

சீறியது. கறுத்துப் பொங்கியது.

"விடு! விடு! தள்ளிப் போ!"

நாற்காலியில் இருந்தவர் எப்படி அங்கே வந்தார் என்று தெரியவில்லை. எட்டு வருடமாக அவர் ஓடி நான் பார்க்கவில்லை. என்னைத் தோளால் இடித்துத் தள்ளினார். குண்டானைக் காலால் சரிவில் உதைத்தார். புல் கருகியது. தெறித்த துளி அவர் மணிக்கட்டில் விழுந்தது. மழைத் தண்ணீர்த் தொட்டியில் கையை முக்கி அப்படியே நின்றார். ரோஸ்லின் ஓடி வந்து மேலே மேலே தண்ணீர் ஊற்றினாள். நெடுநேரம் ஊற்றினாள்.

பிறகு அவர் திரும்பிப் பார்த்தார். முதலில் என்னைப் பார்த்தார், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. அடுத்து எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார்.

"எண்ணெ பதத்துல இருக்கு. விட்டா வீணாப் போயிரும்" என்றார்.

சட்டையைக் கழற்றிக் கோழிக்கூட்டின் மேல் போட்டார். மணிக்கட்டில் ஈரத்துணி. புதிதாகக் காஸ்டிக் எடை போட்டார். எவர்சில்வர் பாத்திரத்தில் மழைத் தண்ணீர். அதில் காரத்தைப் பூ தூவுவது போலத் தூவினார், முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஆற விட்டார். எண்ணெயில் நூல் போல விட்டார். துடுப்பால் கலக்கினார், ஒரே பக்கமாக. துடுப்பைத் தூக்கிச் சொட்ட விட்டால் மேலே கோடு நிற்கும்வரை கலக்கினார். குழாயில் ஊற்றினார். தட்டினார். சாக்குப் போட்டு மூடினார். ஒரு துளி தரையில் விழவில்லை.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதனை நாற்காலியில் உட்கார வைத்தேனே என்று இருந்தது.

முதலில் வாயைத் திறந்தது சூசை.

"லீவுல வந்த கப்பக்காரரு சோப்புக் கம்பெனியும் வச்சிருக்காரு போல. ஊறுகாயும் இவருதானா? கொழம்பும் இவருதானா?" லாசர் பக்கம் திரும்பினார். "பொண்டாட்டி ரோடு போட, புருசன் ஊறுகா போட. நல்ல எடமாப் பாத்துக் காட்டிருக்கவே."

மைனி அவரை நிறுத்தினார். என் பக்கம் வந்தார்.

"முப்பது வருசம் உப்பளத்துல உப்பு வாரினவ நான். ஒங்ககிட்ட உப்பு எவ்வளவுன்னு கேட்டேன். ஒரு நாளு ஒரு கைன்னிய. மறுநாளு ரெண்டு கைன்னிய. என்கிட்ட உப்பப் பத்திப் பொய் சொல்லுதிய."

நான் கருகிய புல்லைப் பார்த்தேன்.

"ஆம்பள சமைச்சா சமைச்சுட்டுப் போறாரு. அத ஒளிச்சிய பாத்தியளா, அதான். இன்னும் என்னென்ன ஒளிச்சிருக்கோ. பொண்ணெடுக்க வந்த எடத்துல நான் என்னத்த நம்ப?"

மைனி பௌதி வீட்டுக்குப் போய்விட்டார். அன்று சாப்பிட வரவில்லை.

7

ரோஸ்லின் அழவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பப்பாவ ஏன் சேர்ல உக்கார வச்சீங்க?"

"உனக்காகத்தான்."

"ஜூட்டா பாத், இந்தப் பொய் எல்லாம் எனக்காகவா? அமலன்கிட்ட நான் மொதல் மாசமே சொல்லிட்டேன், எங்க வீட்ல பப்பாதான் குக்கிங்னு. 'சரி, எனக்கும் கத்துத் தரச் சொல்லு'ன்னான். நீங்க நாடகம் போடுறத ஏழு நாளா ரெண்டு பேரும் பாத்துட்டு இருக்கோம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டீங்களா?"

அவள் ஹிந்தியில் எண்ணுகிறாள், ஊர்ப் பெயர்கள் அவளுக்குத் தெரியாது, தமிழ் வாசிக்கத் திணறுவாள், கையை விட்டுப் போய்விட்டாள் என்று நினைத்திருந்தேன். உண்மையை விட்டுப் போயிருந்தது நான்தான்.

எட்டாம் நாள் காலையில் பௌதி வீட்டுக்குப் போனேன். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். மைனி ஜபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"மைனி. எட்டு வருசமா ஊருக்குப் பொய் சொன்னேன். சிரிப்பாங்கன்னு பயம். வேற ஒண்ணும் ஒளிக்கல. இதப் பாருங்க. இவருக்கு வேலை ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கு. இதான் சர்க்கார் எழுதினது. எட்டு நாளா நீங்க சாப்பிட்டது அந்த ஒண்ணுமில்லாத ஆளு ஆக்குனது."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது.

மைனி கார்டைக் கையில் வாங்கவில்லை. வெகுநேரம் மாலையை உருட்டினார்.

"கை எப்படி இருக்கு அவருக்கு?" என்றார்.

"கொப்புளம் போட்டிருக்கு."

"ரோஸ்லின் மருந்து போட்டாளா?"

"போட்டா."

எழுந்து செருப்பை மாட்டினார். என்னோடு வந்தார்.

எங்கள் அடுப்படியில் வெளிச்சம். மணி ஒன்பது. எல்லாரும் முழித்திருக்கும் நேரத்தில் இவர் அடுப்படியில் நின்றது அந்த எட்டு நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவை. அமலன் கீழே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். மைனி வாசற்படியில் நின்றார்.

"அண்ணே. உப்பு எவ்வளவு?"

இவர் திரும்பவில்லை. குழம்பைக் கலக்கினார்.

"பத்துப் பங்கு காய்க்கு ஒரு பங்கு. எடை போட்டுத்தான். பாக்கெட் பொடியுப்பு ஆவாது. கல்லுப்பு."

"எங்க, காட்டுங்க."

ஜாடியை நகர்த்தினார். மைனி ஒரு கை அள்ளினார். விரலை விரித்து உதிர விட்டார். உள்ளங்கையைப் பார்த்தார்.

"கையில ஒட்டுது பாத்தியளா? ஈரம் விடுத உப்பு. கடைசி வாரல், உப்பளத்துல கடைசியா அள்ளுனது. கசக்கும். இதப் போட்டே இந்த ருசி வருதுன்னா நல்ல உப்பு இருந்தா எப்படி இருக்கும்?"

"கப்பல்ல வர்றது இதுதான்."

"வருசத்து மொத வாரல் தனியா எடுத்து அனுப்புதேன். முத்து மாதிரி இருக்கும்."

இவர் இப்போதுதான் திரும்பினார். "எத்தன கப்பலுக்குத் தாங்குற மாதிரி அனுப்புவிய?" என்றார்.

மைனிக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. பலகையைக் காட்டி அமலன் விளக்கினான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மதியம் மைனி சாப்பிட்டார். சூசையும் சாப்பிட்டார். நான்கு தடவை சோறு வாங்கினார்.

ஆனால் மைனி சம்பந்தத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ரோஸ்லின் இரவு டூட்டிக்குப் போகும்போது என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். தெரியாது என்று.

8

ஒன்பதாம் நாள் வானம் விட்டது. பத்து மணிக்கு விமானச் சத்தம் கேட்டது. சாயங்காலம் கப்பல் வரும் என்றார்கள். பலகையில் எல்லாவற்றுக்கும் நேரே சைபர், கருவாட்டுக்கு மட்டும் ஒன்று.

மூட்டை கட்டினார்கள். வண்டி வந்து நின்றது. ரோஸ்லின் டூட்டி முடிந்து சீருடையோடு ஓரமாக நின்றாள். மைனி பையை லாசரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். நாங்களும் போனோம்.

மூங்கில் தட்டியில் முந்தாநாள் சோப்பு வட்டம் வட்டமாகக் கிடந்தது. ஒன்றைத் தொடப் போனார்.

"பச்சையா இருக்கு. கையை அரிக்கும். நாப்பது நாளு ஆகணும்" என்றார் இவர்.

"ஆகட்டும். தவக்காலம் முடிஞ்சு ஈஸ்டருக்குப் பெறவுதான கலியாணம் வைக்க முடியும்."

ரோஸ்லின் அமலனைப் பார்த்தாள்.

"கலியாணத்துக்கு வார வீட்டுக்கெல்லாம் தேங்காயும் பழமும் குடுப்போம்" என்றார் மைனி. "அதோட வீட்டுக்கு ஒரு சோப்பு வைக்கணும். பொண்ணோட அப்பா கையால செஞ்சதுன்னு சொல்லித்தான் குடுப்பேன். ஒங்களால முடியுமா அண்ணே?"

இவர் ஈரத்துணியால் பலகை முழுவதையும் துடைத்தார். சாக்கட்டியை எடுத்தார். மணிக்கட்டில் கட்டு. 'சோப்பு' என்று எழுதினார். பக்கத்தில் இடம் விட்டார்.

"எத்தன வீடு?"

மைனி கண்ணை மூடினார். கோயில் பக்கத்திலிருந்து தெருவை நினைத்து, ஒவ்வொரு வீடாக விரலை மடக்கினார். உதடு அசைந்தது.

"எம் வீட்ட விட்டுறாத" என்றார் சூசை.

"ஊறுகா போடுத ஆம்பள செஞ்ச சோப்பு ஒனக்கு எதுக்கு?" என்றார் மைனி.

"நொரைக்கும்லா."

அமலன் சிரித்துவிட்டான். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மைனி விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, கடைசி வீடுவரை போய், கண்ணைத் திறந்தார்.

எழுபத்து மூன்று.